போட்டோ எடிட்டிங்: எந்தப் பாடத்தை முதலில் வைப்பது?

கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, வங்கித் தேர்வு என்று எந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கினாலும் உத்திரமேரூர் கடைத்தெருவில் உள்ள கணினி மையங்களில் நிற்க இடம் இருக்காது. சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் கையில் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சரியாக இருக்கும். சிக்குவது போட்டோவில்தான். "அண்ணா, போட்டோ ஏற மாட்டேங்குது" என்ற குரல் அங்கே ஓயாமல் கேட்கும். வங்கித் தேர்வு விண்ணப்பம் 20 கே.பி.யிலிருந்து 50 கே.பி.க்குள் படம் கேட்கிறது. செல்போனில் எடுத்த படமோ 3, 4 எம்.பி. இருக்கிறது. கேட்பதைப் போல அறுபது, எண்பது மடங்கு. மையத்துக்காரர் இரண்டு நிமிடத்தில் சின்னதாக்கித் தந்துவிடுகிறார். அதற்கொரு காசு, போக வர பஸ் செலவு. துணைக்கு அம்மா வந்திருந்தால் அவருடைய அன்றையக் கூலியும் போயிற்று.

இந்த இரண்டு நிமிட வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

நம் பகுதியில் பிளெக்ஸ் கடைகளிலும் ஸ்டுடியோக்களிலும் வேலை பார்த்துத் தொழில் கற்ற காலனி இளைஞர்கள் சிலர், யூடியூப்பில் தமிழில் போட்டோ எடிட்டிங் பாடம் போடப் போவதாக நம்மிடம் வந்தார்கள். முதல் பத்து வீடியோவுக்கு என்ன வைக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. கையில் ஒரு பட்டியலும் வைத்திருந்தார்கள். முதலில் இருந்தது முகத்தை வெளுப்பாக்குவது. இரண்டாவது, பின்னணியை அழித்துவிட்டு வெளிநாட்டுத் தெருவை வைப்பது. மூன்றாவது, பைக்கில் சாய்ந்து நிற்பவரைச் சுற்றித் தீப்பொறி பறக்க விடுவது. "அதுக்குத்தாங்க வியூஸ் வரும்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலோடு நாம் இரண்டு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தமிழில் இப்படிப்பட்ட பாடங்களே இல்லை என்று சொல்ல முடியாது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில், இலவச மென்பொருள்களைச் சொல்லித் தரும் வீடியோக்களைப் பல இந்திய மொழிகளில் தருகிறது. அதில் 'ஜிம்ப்' என்ற படத்திருத்த மென்பொருளுக்கும் பாடங்கள் உண்டு. தமிழ்க் குரலிலும் உண்டு. 1996 முதல் இருக்கும் மென்பொருள் இது. காசு கிடையாது, திருட்டுப் பதிப்பு தேட வேண்டியதும் இல்லை. பழைய அரசு லேப்டாப்பிலும் சமாளித்து ஓட்டலாம். பாடங்கள் பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டியவை. ஒரு பக்கம் வீடியோவை ஓடவிட்டு, மறு பக்கம் நாமே செய்து பார்த்துக் கற்கும் முறை. நல்ல முறைதான்.

ஆனால் அந்த ஜிம்ப் பாடங்கள் பிறந்த இடம் ஜெர்மனி. பிரெமன் நகரில் ரால்ஃப் ஸ்டைநோர்ட் என்பவர் 'மீட் தி ஜிம்ப்' என்ற பெயரில் நடத்திய வீடியோக்களே அவற்றின் அடிப்படை. லேயர், கர்வ்ஸ், படத்தின் அளவை மாற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. கூடவே மூன்று படங்களை ஒரே சட்டத்தில் அடுக்குவது, படத்தைப் பென்சில் ஓவியம் போலாக்குவது, காமிக்ஸ் செய்வது போன்றவையும் இருக்கின்றன. கேமராவைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒருவருக்கு வரும் ஆசைகள் அவை. குற்றம் சொல்லவில்லை. அவர் தன் மேசையிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். நாம் நம் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று அந்த இளைஞர்களிடம் சொன்னோம்.

அப்படித் தொடங்கியவர் ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் மு. பழனிகுமார், மீன் விற்றுக் குடும்பம் நடத்திய தாயின் மகன். மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் மக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கையில் கொடுத்து, தங்கள் வீட்டையும் தெருவையும் எடுக்கச் சொல்லிப் பாடம் நடத்தி வருகிறார். வடசென்னை இளையோர் எடுத்த படங்கள் 2023இல் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. எடுப்பதற்கு அவர் வைத்த அளவுகோலைத் திருத்துவதற்கும் வைக்க முடியாதா என்பதுதான் நம் யோசனை.

வெள்ளைச் சுவரும் கறுத்த முகமும்

முதல் பாடம் பாஸ்போர்ட் சைஸ் படம். இதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 413 புள்ளி அகலம், 531 புள்ளி உயரம். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, 4-க்கு 6 அங்குலத் தாளில் 8 படங்களை அடுக்கி, ஒரே பிரிண்டாக எடுத்து வெட்டிக்கொள்ளலாம். விண்ணப்பத்துக்கு ஏற்றும்போது முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பிறகுதான் ஜே.பி.ஜி. தரத்தைக் குறைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, படம் மாவு பிசைந்தது போல ஆனதும் விழிக்கிறார்கள்.

சிக்கல் நிறத்தில் வந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுக்கும்போது நம் பிள்ளைகளின் முகம் இருண்டு, கண் மட்டும் தெரிகிறது. உடனே ஸ்டுடியோவில் வெளுப்பாக்கி விடுகிறார்கள். அப்படி வந்த படத்தில் இருப்பது வேறொரு பிள்ளை. தேர்வறையில் அனுமதிச் சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பவர் முன்னால் அந்தப் பிள்ளைதான் கூனிக் குறுகி நிற்க வேண்டும்.

முகம் இருண்டதற்குக் காரணம் நிறம் இல்லை, அளவீடு. கேமரா எதைப் பார்த்தாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தத்தையும் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். எடுக்கும்போதே திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கர்வ்ஸ் கோட்டின் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்திச் சரிசெய்யலாம். வெளிச்சம் உயரும்போது நிறம் அதே நிறமாக, தோல் அதே தோலாக இருக்கும். வெளுப்பாக்கும் பொத்தானோ தோலின் வரிகளையே துடைத்துவிடுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் கலர் பிலிம் விற்ற காலத்தில், நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஸ்டுடியோக்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷிர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று கணக்கு. கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக் குழுப்படங்களில் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிந்தது பற்றி அவர்களின் தாய்மார்கள் குறைப்பட்டார்கள். ஆனால் பழுப்பு நிறங்களைப் பிடிக்கும்படி பிலிமை மேம்படுத்த நிறுவனத்தைத் தள்ளியது மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் கம்பெனிகளும்தான். ஒரு மரத்துக்கும் வேறு மரத்துக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று மரச்சாமான்காரர்கள் புகார் செய்திருந்தார்கள். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை நாற்காலிக்குக் கிடைத்தது.

ஆகவே 'வெளுப்பாக்குவது எப்படி' என்ற பாடத்தை எடுத்துவிட்டு, 'கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைப்பது எப்படி' என்று வைக்கலாம் என்றோம். "தலைப்பைப் பாத்தே யாரும் வரமாட்டாங்க" என்றார் ஒரு தம்பி. அந்தச் சண்டையைப் பிறகு சொல்கிறோம்.

டிரங்குப் பெட்டிக் காகிதம்

எந்த யூடியூப் பாடத்திலும் நாம் பார்க்காத, ஆனால் இந்த வட்டாரத்துக்கு அவசியமான ஒன்று உண்டு. பழைய பத்திரங்களைப் படமெடுத்துப் படிக்கும்படி ஆக்குவது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. அவற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவர்கள் தகுதிப் பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை.

அந்த நிலத்தில் கொஞ்சம் நம் பக்கம் வந்த வரலாறும் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தை வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது, விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. ஆனாலும் எவ்வளவோ கைமாறிப் போனது. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் உயிர் போனது. போலீஸ் துப்பாக்கிச் சூடு.

இன்றும் பல வீடுகளில் தாத்தா பெயரில் ஒரு காகிதம் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிப்பில் கிழிந்து, மை மங்கி, முத்திரை எழுத்தின்மேல் ஏறி, படிக்க முடியாமல். அதை வெளியே எடுத்து நான்கு பேர் கையில் கொடுத்தால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் ஒரே ஒரு முறை நல்ல படம் எடுத்துவிட வேண்டும்.

வெயிலில் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். காலையில் வாசல் நிழலில், பாயின்மேல் காகிதத்தைத் தட்டையாக வைத்து, போனை அதற்கு நேர் மேலே பிடித்து, நான்கு மூலையும் தெரிய எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், ஒன்றும் எழுதாமல் இருந்தாலும். பிறகு அந்தப் படத்தின் நகலில் வேலை செய்யலாம். ஜிம்ப்பில் ஒரு படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாகப் பார்க்க முடியும். கலர்ஸ் மெனுவில் காம்போனென்ட்ஸ், அதற்குள் டிகம்போஸ். சிவப்பு முத்திரை எழுத்தை மறைக்கிறதா? சிவப்புப் பகுதியை மட்டும் பாருங்கள். முத்திரை மங்கிவிடும், கறுப்பு எழுத்து மேலே வரும். நீல மை மங்கிப்போயிருந்தாலும் அதே சிவப்புப் பகுதியில் அது கறுத்துத் தெரியும். சர்வே எண்ணைப் படிக்க முடிந்தால், வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கேட்க வழி பிறக்கிறது.

இந்தப் பாடத்தில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். முத்திரையை மங்கவைத்த நகல் நாம் படிப்பதற்கு மட்டும்தான். அலுவலகத்துக்கோ வழக்கறிஞருக்கோ கொடுப்பது தொடாத படமாக இருக்க வேண்டும். ஒரு எழுத்தைத் 'தெளிவாக்குகிறேன்' என்று பிரஷ் வைத்து இழுத்தால், நம் உண்மையான பத்திரமே போலியாகப் பார்க்கப்படும்.

அடுத்த பாடமும் அதே இழையில் வருவதுதான். ஒரு தாக்குதல், ஒரு தீண்டாமைச் சுவர், உடைக்கப்பட்ட சிலை என்று ஏதாவது நடந்ததும் நம் பிள்ளைகள் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, சோகப்பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்கிவிடும். எப்போது, எந்தப் போனில் எடுத்தது என்ற உள் விவரங்களும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எடுத்த போனிலும் அசல் இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிக்க இடம் இருக்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் கைரேகை மாறிவிடும். எடிட்டிங் கற்றுத் தருபவர் எடிட் செய்யாமல் வைப்பது எப்படி என்றும் ஒரு பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

மறைக்க வேண்டியதும் உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தையின் முகமோ, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளமோ வெளியே வரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பலர் போனில் உள்ள மார்க்கரால் முகத்தின்மேல் கிறுக்கிவிட்டு அனுப்புகிறார்கள். சில மார்க்கர்கள் முழுக் கறுப்பாகத் தெரிந்தாலும் கண்ணாடி போல மெல்லியவை. வெளிச்சத்தை ஏற்றினால் கீழே உள்ள முகம் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாக மங்கவைப்பதையும் நம்ப வேண்டாம். முழு நிறத்தில் ஒரு சதுரம் வைத்து, படத்தோடு ஒட்டவைத்துச் சேமிப்பதே பாதுகாப்பு. சட்டை, பள்ளிச் சீருடை, பின்னால் தெரியும் தெருப் பலகை இவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆயாவின் ஒரே படம்

தொழிலாகச் செய்தால் காசு வருவது நினைவஞ்சலிப் படத்தில். நம் வீடுகளில் தாத்தா, ஆயா காலத்துப் படம் இருந்தால் அதிசயம். வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் 1993இல் வந்தது. அந்த அட்டைப் படமே ஒருவர் வாழ்நாளில் எடுத்த முதலும் கடைசியுமான படமாக இருப்பதை எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்திருக்கிறோம். அந்தச் சாம்பல் படத்திலிருந்து தலையை வெட்டி, பட்டுப்புடவை உடுத்தி நகை போட்ட வேறொரு உடம்பில் ஒட்டித் தருகிறார்கள். தாத்தாவாக இருந்தால் கோட்டு சூட்டு.

இதைச் சொல்லித் தரலாமா என்று நம் கூட்டத்தில் விவாதம் நடந்தது. கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த ஆயாவைப் பொய்யாகக் காட்டுகிறோமே என்றது ஒரு தரப்பு. "உயிரோட இருந்தப்ப ஒரு குண்டுமணித் தங்கம் போட்டதில்ல, படத்துலயாவது போடட்டுமே" என்று ஒரு அக்கா சொன்னதும் நமக்குப் பதில் வரவில்லை. சொல்லித் தரலாம் என்றே முடிவானது. முகத்தைத் தொடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

முகத்தைத் தொடாமலிருப்பது இப்போது முன்னைவிடக் கஷ்டம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கல் படத்தை நொடியில் கூர்மையாக்குகின்றன. அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது? 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற கருவியிடம் ஒருவர் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார். அது ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் திருப்பித் தந்தது. இல்லாத விவரத்தைக் கருவி தனக்குத் தெரிந்த முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. நம் ஆயாவுக்கும் அதே கதி நேரலாம். படம் பளிச்சென்று இருக்கும். பேரப்பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆயா ஆயாவாக இருக்கட்டும். தூசியும் கீறலும் எடுக்க ஹீலிங் கருவி போதும்.

பிளெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல் 14க்கு வைக்கும் 10 அடி அகல பேனருக்கு வாட்ஸ்அப்பில் வந்த 800 புள்ளி அகலமுள்ள அம்பேத்கர் படத்தைக் கொடுத்தால், அங்குலத்துக்கு ஏழு புள்ளிகூட வராது. அங்குலத்துக்கு 72 புள்ளி வேண்டுமென்றால் 8,640 புள்ளி அகலம் தேவை. இருக்கிற படத்தை இழுக்காமல் சிறிதாக வைத்து, எழுத்தைப் பெரிதாக்குவது நல்லது. எழுத்திலும் ஒரு கண் வேண்டும். சில மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி விழும். 'அம்பேத்கர்' என்ற பெயரே தப்பாகத்தான் அச்சாகும். அவருக்கு ரோஸ் நிறம் பூசுவதையும் நிறுத்தலாம். பக்கத்திலேயே மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர். நம் பிளெக்ஸ்களில் அவரையும் வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் இப்போது இப்படி நிற்கிறது. பாஸ்போர்ட் படம் இரண்டு பாடம், முகத்துக்கு வெளிச்சம் ஒன்று, பத்திரம் இரண்டு, அசலைக் காப்பது ஒன்று, அடையாளம் மறைப்பது ஒன்று, நினைவுப்படம் இரண்டு, பிளெக்ஸ் ஒன்று. முதல் மூன்றையும் செல்போனிலேயே, ஸ்னாப்சீட் செயலியில் காட்டுவார்கள்; கணினி இல்லாத பிள்ளைகளே அதிகம். மீதி ஜிம்ப்பில். கணினி மையத்தில் உட்காருபவர்களுக்கு, எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபியா. டேட்டா தீராமல் இருக்க ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்குள், பின்னணி இசை கிடையாது. பயிற்சிப் படங்களாக அவர்கள் வைத்துக்கொள்வது, சம்மதம் கேட்டு எடுத்த தங்கள் வீட்டு முகங்கள்.

வெளுப்பாக்கும் பாடத்தின் சண்டை முடியவில்லை. பதினோராவதாக அதைப் போட்டே தீருவேன் என்கிறார் அந்தத் தம்பி. அதைத் தேடி வருகிறவர்களை மூன்றாவது வீடியோவுக்குத் திருப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. தலைப்பில் 'ஸ்கின் ஒயிட்னிங்' என்று போட்டுவிட்டு, உள்ளே அந்தப் பொத்தான் முகத்தை என்ன செய்கிறது என்று பெரிதாக்கிக் காட்டப் போகிறாராம். நமக்கு அரைமனது. முதல் வீடியோவின் ஒளிப்பதிவு முடிந்துவிட்டது. அதில் மாதிரிக்கு உட்கார்ந்தது அவருடைய தங்கை. இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியவர்.